வானவில் யூக்கலிப்டஸ் கன்று வாங்கும் முன்

பச்சை, ஆரஞ்சு, ஊதா, கருஞ்சிவப்பு என்று அடிமரம் முழுக்க பெயின்ட் வழிந்தது போல ஒரு மரத்தின் படம் உங்கள் போனுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். மரம் நிஜம்தான், நிறத்தில் பாதி கணினி வேலை. "ஒரு கன்று வாங்கி வாசலில் வைக்கட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் ஊரில் மழை எவ்வளவு என்றுதான்.

நம்மூர் தைல மரம் போல வறண்ட காட்டிலும் நின்று பிழைத்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இது அந்தக் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு. ஊர் ஆஸ்திரேலியா கிடையாது, பிலிப்பைன்ஸின் மின்டனாவோ, இந்தோனேசியாவின் சுலாவெசி, பப்புவா நியூ கினி. அங்கே ஆற்றங்கரை மழைக்காட்டில், வருடத்துக்கு 2500 மி.மீ.க்கும் மேல் நனைந்தே வளர்கிறது. தமிழ்நாட்டின் சராசரி மழை 900 மி.மீ.க்குச் சற்று மேல், அதிலும் கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிட்டுப் போய்விடும், மிச்ச மாதங்களுக்கு நீங்கள்தான் மழை. போர் தண்ணீரை விட்டு இதை வளர்க்கும் யோசனை இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள், குடிக்கவே தண்ணீர் லாரி வரும் தெருவில் அது அநியாயம்.

சரி, மழைதானே, ஊட்டியில் வைக்கலாமா? அங்கே உறைபனி விழும், இது தாங்காது. மிச்சம் இருப்பது குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கூடலூர், வால்பாறை மாதிரி சில இடங்கள்தான். அங்கேயும் சோலைக்காடு, புல்வெளி ஓரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். நீலகிரிக்கு யூக்கலிப்டஸ் வந்தது 1843இல், விறகுக்காகவும் தைலத்துக்காகவும் பின்னால் மலை மலையாக நட்டார்கள், புல்வெளிகள் போயின, இன்று அந்த அயல் மரங்களை எப்படி அகற்றுவது என்று நீதிமன்றம் வரை பேச்சு நடக்கிறது. வானவில் வகை அப்படிப் பரவும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் காட்டோரத்தில் அயல் மரத்தை வைத்துச் சோதனை செய்ய வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

அடுத்தது இடம். சொந்த ஊரில் இது 60, 70 மீட்டர் போகும். வெளியூரில் பெரும்பாலும் 30 மீட்டர் அளவில் நின்றுவிடும் என்பார்கள், அதுவே பத்து மாடிக் கட்டட உயரம். இளமையில் நல்ல ஈரம் கிடைத்தால் வருடத்துக்கு 2 மீட்டருக்கும் மேல் ஏறும். வேர் மேலாகவே தடித்து ஓடும், காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க் எதையும் பார்க்காது. வீட்டில் இருந்தும் மின்கம்பியில் இருந்தும் குறைந்தது 15 மீட்டராவது தள்ளி வைக்க முடியுமா என்று அளந்து பாருங்கள். 5 சென்ட் மனைக்காரர்கள் டேப்பை எடுக்கவே வேண்டாம்.

நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஆசை கொஞ்சம் தணியும். பட்டை மொத்தமாக உரியாது, கீற்றுக் கீற்றாக வெவ்வேறு நேரத்தில் உரியும். புதிதாக உரிந்த இடம் பளிச்சென்ற பச்சை, நாளாக நாளாக அது நீலம், ஊதா, ஆரஞ்சு, பழுப்பு என்று மாறும். பக்கத்துக் கீற்று வேறு வயதில் இருப்பதால்தான் அந்த வானவில். கன்றில் இதெல்லாம் ஒன்றும் தெரியாது, மரம் உருண்டு திரள சில வருடம் ஆகும். வறண்ட இடத்தில் உயிர் பிழைத்தாலும் நிறம் மங்கல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மழை, இடம் இரண்டும் இருக்கிறது என்றால் ஒரே ஒரு மரம் வையுங்கள், தப்பில்லை. வாங்கும்போது மட்டும் கவனம். ஆன்லைனில் ஒரு தடவை நானும் விதை வாங்கினேன், நீலமும் சிவப்புமாக வந்தது, ஒன்றுகூட முளைக்கவில்லை. யூக்கலிப்டஸ் விதை தூள் மாதிரி சின்னதாக இருக்கும், வண்ண வண்ணமாக வந்தால் சாயம் என்று புரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து விதை வரவழைக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், கவரில் போட்டு அனுப்பச் சொல்லும் வேலை வேண்டாம். கன்றாக வாங்கினால் இளந்தண்டைத் தடவிப் பாருங்கள், சதுரமாக இருக்கும், இலைகள் எதிரெதிராக, அகலமாக, மெல்லிசாக இருக்கும். அப்புறம் ஒரு இலையைக் கசக்கி முகருங்கள். தைல வாசம் மூக்கைத் துளைத்தால் அது சாதாரண தைல மரம், ஏனென்றால் இந்த வகையில் எண்ணெய் இல்லாத குறைதான். தைலம் காய்ச்சலாம் என்ற கணக்கும் அதோடு முடிந்தது. பிலிப்பைன்ஸ்காரர்களே இதைக் காகிதக் கூழுக்குத்தான் பெரிதாக வளர்த்தார்கள்.

உரியும் பட்டைதான் வேண்டும், மரம் எதுவானாலும் பரவாயில்லை என்பவர்கள் கொல்லையில் நிற்கும் பழைய கொய்யாவை ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். அதுவும் யூக்கலிப்டஸ் குடும்பம்தான், பச்சையும் செம்பழுப்புமாகத் திட்டுத் திட்டாக உரிந்து வழவழவென்று நிற்கும். அணில் மிச்சம் வைத்தால் பழமும் உண்டு.