‘எ பிட் ஆஃப் அன் ஓவர்சிம்ப்ளிஃபிகேஷன்’: சறுக்கும் இடங்கள்

ஒருவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பல முடிச்சுள்ள விஷயத்தை ஒற்றை வரியில் அடக்கிவிட்டார். அதை நோகாமல் சுட்ட ஆங்கிலத்தில் ‘இட்ஸ் எ பிட் ஆஃப் அன் ஓவர்சிம்ப்ளிஃபிகேஷன்’ என்பார்கள். நம்மவர்கள் எழுதும்போது முதலில் தொலைவது நடுவிலுள்ள ‘ஆஃப் அன்’.

காரணம் நம் ‘கொஞ்சம்’தான். ‘கொஞ்சம் பெரிசு’, ‘கொஞ்சம் தொந்தரவு’ இரண்டும் தமிழில் சரி. ஆங்கிலத்தில் பெயரடைக்கு முன் வெறும் ‘எ பிட்’ போதும்: ‘எ பிட் சிம்ப்ளிஸ்டிக்’. இதுபோன்ற பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ பிட் ஆஃப் எ’ வேண்டும். அந்தப் பெயர்ச்சொல் உயிரொலியில் தொடங்கினால் கடைசி ‘எ’, ‘அன்’ ஆகும். ‘எ பிட் ஓவர்சிம்ப்ளிஃபிகேஷன்’ என்பது பிழை. ‘சம்வாட் ஆஃப் அன்’ என்றும் பலர் எழுதுகிறார்கள். கண்டிப்பான எடிட்டர் அதை ‘சம்திங் ஆஃப் அன்’ என்று மாற்றிவிடுவார்.

இதைவிட ஆபத்தானது ‘சிம்ப்ளிஸ்டிக்’. ‘சிம்பிள்’ என்பதற்குக் கொஞ்சம் கௌரவமான வடிவம் என்று நினைத்து, ‘யுவர் டிசைன் இஸ் சிம்ப்ளிஸ்டிக்’ என்று பாராட்டி அனுப்புகிறார்கள். படிப்பவருக்கு அது ‘யோசிக்காமல் மேலோட்டமாகச் செய்திருக்கிறாய்’ என்று போய்ச் சேரும். எளிமையைப் பாராட்ட ‘சிம்பிள்’ போதும். ‘ஓவர்லி சிம்ப்ளிஸ்டிக்’ அச்சில் நிறையத் தென்படும். அளவுக்கு மீறியது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் அந்த ‘ஓவர்லி’ தண்டம்.

தவறான தகவலுக்கு இந்தத் தொடர் பொருந்தாது. ‘சூரியன் பூமியைச் சுற்றுகிறது’ என்றால் அது தப்பு, அவ்வளவுதான். பாதி உண்மை இருக்கும் கூற்றுக்கே இது. ‘கொழுப்புத் தடவிய தோட்டாவால் 1857 கிளர்ச்சி வெடித்தது’ என்பது சரியான உதாரணம்: தோட்டா விவகாரம் நிஜம்தான், ஆனால் 1856-இல் அவத் அரசு கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது, வாரிசில்லாத அரசுகளைக் கைப்பற்றிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கை, நிலவரிச் சுமை எல்லாம் அதில் விடுபட்டுப்போகின்றன. விடுபட்டது எது என்று அடுத்த வாக்கியத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் விமர்சனம் வெறும் முகச்சுளிப்பாக நின்றுவிடும். கூற்றைச் சுட்டுங்கள், ஆளை அல்ல: ‘யூ ஆர் சிம்ப்ளிஸ்டிக்’ என்றால் மென்மை போய்ச் சண்டைதான் வரும்.

மென்மைக்குத்தான் ‘எ பிட் ஆஃப்’. கடுமையாகச் சொல்ல நினைத்தால் ‘எ க்ரோஸ் ஓவர்சிம்ப்ளிஃபிகேஷன்’ என்று நேராக எழுதலாம்; இரண்டையும் கலந்து ‘எ பிட் ஆஃப் எ க்ரோஸ்’ என்றால் தடவிக்கொடுத்தபடியே அறைவது போலிருக்கும்.

நீங்களே சுருக்கிச் சொல்லப்போகிறீர்கள் என்றால் ‘அட் தி ரிஸ்க் ஆஃப் ஓவர்சிம்ப்ளிஃபையிங்’ என்று தொடங்கலாம். ‘ஆஃப்’ வந்துவிட்டதால் வினை ‘இங்’ சேர்த்தே வரும். ‘ரிஸ்க் டு ஓவர்சிம்ப்ளிஃபை’ தவறு. எழுத்தில் ஓவர்சிம்ப்ளிஃபை ஒரே சொல், நடுவில் கோடும் இடைவெளியும் கிடையாது.