டிடிடி பேச்சுக்கு லீப் ஆண்டு
பைத்தான் நிரல்மொழிப் பயனர் குழுவில் டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் (டிடிடி, அதாவது முதலில் டெஸ்ட், பிறகு அதைத் தேற வைக்கும் கோட் என்று எழுதும் முறை) பற்றிப் பேச ஒத்துக்கொண்டபோது பெரிய தலைவலி, டெமோவுக்கு எதை எடுப்பது என்பதுதான். கால்குலேட்டர் என்றால் கொட்டாவி விடுவார்கள், இணையக் கடை என்றால் டேட்டாபேஸை விளக்கவே நேரம் போய்விடும். சரி என்று லீப் ஆண்டைப் பிடித்தேன். 2024 லீப் என்று முதல் டெஸ்ட், டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்ட் சிவப்பு காட்டும், அதாவது தோல்வி, ஃபங்ஷன் வெறும் ட்ரூ என்று திருப்பினாலே பச்சை, அதாவது தேர்ச்சி (இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும்). அப்புறம் 2023-க்காக 4-ஆல் வகுக்க வேண்டும், 1900 வந்ததும் மறுபடி சிவப்பு, 100-ஆல் வகுபட்டால் லீப் இல்லை என்று திருத்தினால் 2000 தோற்கும், அப்போதுதான் 400-ஆல் வகுபட்டால் லீப் என்ற விதி உள்ளே வரும். எல்லாம் பச்சையான பிறகு இஃப்களை ஒரே வரியாகச் சுருக்கினால் ரீஃபேக்டரிங்கும் (செய்யும் வேலை மாறாமல் கோடைச் சீராக்குவது) ஆயிற்று. மேடையில் டைப்பிங் சொதப்பினால்? ஒவ்வொரு படிக்கும் கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் கமிட் செய்து டேக் (அடையாளப் பெயர்) போட்டு வைத்தேன், மாட்டிக்கொண்டால் அடுத்த டேக்கை செக்அவுட் செய்து தொடரலாம். மாக் (டெஸ்டில் நிஜப் பகுதிக்குப் பதில் வைக்கும் போலி) பற்றிய ஸ்லைடுகளைத் தூக்கிவிட்டேன், அது தனிப் பேச்சுக்கான சரக்கு.