'நோ நீட் கம்' என்றார்கள் என்பதற்காக 'நாட் கமிங்' என்று பதில் போடாதீர்கள்

என் அத்தை மகன் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு கிடங்கில் மூன்று வருடமாக டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை மதியம், இன்னும் 17 வீடுகளுக்குப் பொருள் போட வேண்டிய நேரத்தில், ஈசூனில் ஒரு புளோக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தியிருந்தான். சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் புகார் செய்துவிட்டாராம். "டுமாரோ நோ நீட் கம்." அவ்வளவுதான். இவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஓகே, டுமாரோ ஐ நாட் கமிங்" என்று தட்டிவிட்டு, சாவியை டயர் மேல் வைத்துவிட்டு எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

மாதக் கடைசியில் சம்பளம் வரவில்லை, கடிதம்தான் வந்தது. நீங்களாகவே முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டீர்கள், ஆகவே இரண்டு வாரச் சம்பளத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சான்றாக அவனுடைய அந்த ஒரு வரி. சூப்பர்வைசரின் குரல் செய்தியைத் தேடினால் அது அழிக்கப்பட்டிருந்தது.

வேலையை விட்டு நிறுத்துவது வேறு, வேலையை விடுவது வேறு. கோபத்தில் நாம் எழுதும் பதில் முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் எழுத வேண்டியது வேறு: "நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்கிறீர்கள். எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணம் என்று எழுத்தில் தாருங்கள். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." ஆங்கிலம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தக் குரல் செய்தியை வேறொருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். அது அழிந்தாலும் பிரதி இருக்கும்.

வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு வருவது இன்னொரு தவறு. உள்ளே கிடக்கும் பொருள் காணாமல் போனால் உங்கள் தலையில்தான் விழும். கிடங்குக்குக் கொண்டுபோய், மிச்ச டிஓ எனும் டெலிவரி சீட்டுகளை எண்ணி, வண்டியைச் சுற்றி நான்கு படம் எடுத்து, சாவியையும் பெட்ரோல் கார்டையும் கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், "இத்தனை மணிக்கு இன்னாரிடம் கொடுத்தேன்" என்று அவருக்கே ஒரு செய்தி அனுப்பினால் போதும். மறுநாள் எந்தத் தகவலும் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவதும் ஆபத்து. அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை நீங்கள்தான் மீறினீர்கள் என்று கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சில இடங்களில் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உன் பேர் கெடாது" என்று அன்பாகப் பேசுவார்கள். காபிகூட வாங்கித் தருவார்கள். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவையும் முறையற்ற பணிநீக்கமாகப் புகார் செய்யலாம், ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று காட்ட வேண்டிய பாடு உங்களுடையது. இன்னொரு நட்டமும் உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி (டாலர்) வரை கிடைக்கும். அது தன் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு மட்டும்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வேலை நியமனச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதப்படாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு நாள், இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு வாரம், ஐந்து வருடத்துக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். அந்த நாள்களுக்கு வேலை தராமல் சம்பளமாகக் கொடுத்தும் அனுப்பலாம். முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் நிறுத்தினால் அது பெரும்பாலும் செல்லும். கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சொன்ன காரணம் பொய் என்று காட்ட முடிந்தாலோ, பாகுபாட்டினாலோ, உரிமையைக் கேட்டதற்குத் தண்டனையாகவோ நிறுத்தியிருந்தாலோ கதை வேறு.

முன்னறிவிப்பே இல்லாமல் 'ஒழுங்கீனம்' என்று நிறுத்தினால், முதலில் விசாரணை நடத்தியிருக்க வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். விசாரணைக்காக ஒரு வாரம் வரை ஒதுக்கி வைக்கலாம், ஆனால் அப்போதும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். நடுத்தெருவில் வந்த ஒரு குரல் செய்தியை விசாரணை என்று யாரும் சொல்ல முடியாது. வேன் கீறியது, பெட்டி உடைந்தது என்று பிடித்தம் செய்வதற்கும் வரம்பு இருக்கிறது. உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது.

நிறுத்தப்பட்டவருக்குக் கடைசிச் சம்பளம் கடைசி நாளிலேயே வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் மூன்று வேலைநாளுக்குள். சம்பளச் சீட்டும் தர வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்படாவிட்டால் எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் காசு உண்டு. மத்திய சேமநிதியில் கடைசி மாதப் பணம் விழுந்ததா என்று செயலியில் ஒருமுறை பாருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, நாள்களைத் தவறாக எண்ணுவது. முறையற்ற பணிநீக்கம் என்று, வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்து வைக்கும் டிஏடிஎம் அமைப்பில் சமரசத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி வேலைநாளிலிருந்து ஒரே ஒரு மாதம்தான். சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஆறு மாதம் இருக்கே, தீபாவளி முடியட்டும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். என் அத்தை மகன் போனது ஐந்தாவது வாரத்தில். நீக்கம் பற்றிய புகாருக்கு நேரம் கடந்துவிட்டது. சம்பளமும் விடுப்புக் காசும் சமரசத்தில் வந்தன, இரண்டு வாரச் சம்பளம் கேட்டதையும் கம்பெனி கைவிட்டது. சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் இசிடி எனும் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது.

வேலையில் அடிபட்டு, அதற்குப் பிறகு நிறுத்தினார்கள் என்றால், வேலை போனதால் காய இழப்பீடு போய்விடாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கோரலாம்.

செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த தள ஊழியர்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். கணக்கை முடக்கினால் முதலில் நிறுவனத்திடம் மேல்முறையீடு, அப்புறம் சங்கம். ஆனால் கம்பெனி வேனை, கம்பெனி சொன்ன நேரத்துக்கு, கம்பெனி போட்ட ரூட்டில் ஓட்டிக்கொண்டு, "நீ சுயதொழில் செய்பவன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள். தாளில் உள்ள பெயர் மட்டும் முடிவு செய்யாது. உண்மையில் வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பார்கள். அதனால் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். தினமும் காலையில் வந்த ரூட் பட்டியல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வேலை அனுமதிச் சீட்டில் வந்து லாரி ஓட்டும் தம்பிகளுக்குக் கூடுதலாக ஒன்று. டிக்கெட்டை நீட்டி, "எல்லாச் சம்பளமும் வாங்கிக்கொண்டேன்" என்ற தாளையும் சேர்த்து நீட்டினால், பணம் கைக்கு வருமுன் கையெழுத்து வேண்டாம். ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது, அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணுக்கு விமானம் ஏறும் முன்பே பேசுங்கள்.