ஐம்பது பேருக்குக் காலைச் சாப்பாடு: போறணையில் பாண் முட்டைத் தட்டு

குளக்கட்டுச் சிரமதானம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மடுத் திருவிழாவுக்குப் போய்த் தங்கும் கூட்டம் என்று எதுவானாலும் சரி, காலை ஆறரைக்கு ஐம்பது பேர் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமென்றால் இடியப்பம் பிழிவதற்கும் புட்டு அவிப்பதற்கும் ஐந்தாறு பேர் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டிவரும். பாண், முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்துப் பேக்கரிப் போறணையில் வேகவைத்தால் இரண்டு பேரே போதும். தட்டு உள்ளே போனபின் அடுப்படியில் நிற்கவும் தேவையில்லை.

கணக்கை மனதில் வைத்துக்கொள்வது சுலபம். 1 இறாத்தல் பாணுக்கு (450 கிராம்) 8 முட்டை, 700 மில்லிலீற்றர் பால், மீனும் கிழங்கும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய கறிக்கலவை அரைக் கிலோ. ஆட்கள் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவிலேயே பெருக்கிக்கொள்ளுங்கள். 30 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் ஆழம் உள்ள தட்டு ஒன்றுக்கு 2 இறாத்தல் பாண் அளவாக இருக்கும். அதை 10 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினால் 12 துண்டு வரும். நாலு தட்டில் 48 துண்டு. வளர்ந்தவருக்கு ஒரு துண்டு தாராளம், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி போதும்.

நாலு தட்டுக்கு வேண்டியவை:

பாண் 8 இறாத்தல்
முட்டை 64 (30 முட்டை அட்டை இரண்டும் மேலதிகமாக 4 முட்டையும், உடைவதற்கும் கூழ் முட்டைக்கும் இன்னும் 4 சேர்த்து வாங்குங்கள்)
பால் 5.6 லீற்றர்
ரின் மீன் 425 கிராம் ரின் 6
உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ
பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ
கறிமிளகாய் அரைக் கிலோ
பச்சை மிளகாய் 100 கிராம்
கறிவேப்பிலை நாலு கைப்பிடி
கறித்தூள் 6 மேசைக்கரண்டி
மிளகுதூள் 2 மேசைக்கரண்டி
தேசிக்காய் 3
மாஜரீன் 400 கிராம்
செத்தல் மிளகாய் 10
உப்பு, தேங்காயெண்ணெய், வாழையிலை

பசும்பால் கிடைத்தால் அதுதான் நல்லது. ஒரு கொதி வரும்வரை காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பழுதாகத் தொடங்கிய பால் காய்ச்சும்போதே திரைந்து காட்டிக்கொடுத்துவிடும். பால்மா என்றால் 400 கிராம் பைக்கற் இரண்டு வாங்குங்கள். லீற்றருக்கு 130 கிராம் மட்டில் கரைக்கவேண்டும். தேங்காய்ப்பால் சேர்க்க விரும்பினால் கால்பங்குக்கு மேல் போகவேண்டாம். கூடினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஊர்க்கோழி முட்டை சிறியது, ஆகவே 8 என்ற இடத்தில் 10 போடவேண்டும்.

பாணைக் காயவைப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. அன்றைக்குச் சுட்ட பாண் உள்ளே ஈரமாக இருக்கும். அது பாலை உறிஞ்சாமல் கரைந்து களியாகிவிடும். காய்ந்த பாண் தன் வடிவத்தை விடாமல் பாலையும் முட்டையையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும். எனவே முதல் நாள் பாணையே வாங்குங்கள். மத்தியானம் 3 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டி, கழுவிக் காய்ந்த பாயிலோ தட்டிலோ ஒன்றின்மேல் ஒன்று கிடக்காமல் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிவிடுங்கள். வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாலைந்து மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் இரவு முழுக்க வைத்தாலும் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். அந்த மாதங்களில் பின்னேரமே பேக்கரியில் கொடுத்து, மெல்லிய சூட்டில் 15 நிமிடம் உலர்த்தி எடுத்துவிடுங்கள். பதம் பார்க்க ஒரு கட்டியை இரண்டு விரலுக்கிடையில் அழுத்துங்கள். வெளிப்பக்கம் மொறுமொறுவென்று சத்தம் போடவேண்டும், நடு இலேசாக அமுங்க வேண்டும். கல்லுப்போல் இறுகிவிட்டால் ஊற இரட்டிப்பு நேரம் எடுக்கும். வெட்டும்போது உதிரும் தூளை எறியவேண்டாம், மேலே தூவுவதற்குத் தேவைப்படும்.

பாணை முட்டைப்பாலில் இரவே ஊறவைத்துவிட்டுக் காலையில் போறணைக்குள் தள்ளச் சொல்லும் செய்முறைகள் உண்டு. அவை குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டுக்கு எழுதப்பட்டவை. நாலு பெரிய தட்டு கொள்ளும் பெட்டி நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்? இங்கே இரவிலும் புழுக்கம் குறையாது. பச்சை முட்டையும் பாலும் மீனும் அந்தச் சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கிருமி பெருகும், ஐம்பது பேருக்கும் ஒரே நாளில் வயிற்றோட்டம் வரும். மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே முதல் நாள் பாணை உலர்த்தி, வெங்காயமும் மிளகாயும் அரிந்து வைப்பதோடு நிறுத்துங்கள். மிச்சம் எல்லாம் விடியப்புறம்.

மூன்று மணிக்கு உருளைக்கிழங்கை அடுப்பில் வையுங்கள். முக்கால் பதம் அவிந்தால் போதும், பின்னால் போறணையிலும் வேகும். அது அவியும்போதே பெரிய தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கறிமிளகாய் எல்லாவற்றையும் வதக்குங்கள். அவசரப்படவேண்டாம். வெங்காயத்தின் தண்ணீர் முழுதும் வற்றி, நிறம் மாறத் தொடங்கும்வரை 15 முதல் 20 நிமிடம் கிண்டவேண்டும். இந்தத் தண்ணீர் வற்றாவிட்டால் அது தட்டின் அடியில் போய்த் தேங்கும். மீனை ரின்னிலுள்ள தண்ணீர் வடித்து, நடுமுள்ளை எடுத்து, பெரிய துண்டுகளாகப் பிட்டு, கறித்தூளோடு சேர்த்துப் பிரட்டுங்கள். கடைசியில் தோலுரித்துச் சிறிதாக வெட்டிய கிழங்கு, ஒரு மேசைக்கரண்டி உப்பு, மிளகுதூள், தேசிக்காய்ப்புளி. கலவை தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வரவேண்டும். தட்டில் போடுமுன் சூடு தணியட்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் சூரை மலிவாக வரும்போது ரின் மீனுக்குப் பதில் அதைப் போடலாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்து, ஒன்றரைக் கிலோ சதை தேறவேண்டும். குளத்து மீன் இதற்குச் சரிவராது. சின்ன முள் அதிகம், காலையில் அவசரமாகச் சாப்பிடும் கூட்டத்துக்கு அது ஆபத்து. மீன் வேண்டாமென்பவர்கள் இருந்தால் ஒரு தட்டுக்கு மட்டும் முருங்கையிலையும் கரட்டும் லீக்ஸும் வதக்கிப் போடுங்கள். தக்காளியைத் தவிர்த்துவிடுங்கள், தண்ணீர் விடும். முட்டையே சாப்பிடாதவர்களுக்கு இந்தத் தட்டில் வழியில்லை. எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டு, கடலை அவித்து வைப்பதுதான் மரியாதை.

தட்டின் உட்புறம் முழுக்க மாஜரீன் பூசி, அடியில் தணலில் வாட்டிய வாழையிலையை விரியுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழிந்துவிடும். இலை இருந்தால் அடி பிடிக்காது, துண்டும் உடையாமல் எழும்பும். பாணில் பாதி, அதன்மேல் கறிக்கலவை முழுதும், பிறகு மிச்சப் பாண். கலவையை மேலே போட்டால் கருகும், அடியில் போட்டால் ஈரமாகவே கிடக்கும்.

முட்டைப்பாலை நாலு தட்டுக்கும் ஒன்றாகக் கலக்காமல் தட்டுக்குத் தட்டு தனித்தனியாகக் கலவுங்கள். ஒரே பானையிலிருந்து அள்ளி ஊற்றினால் கடைசித் தட்டுக்கு அளவு கெட்டுப்போகும். முட்டை ஒவ்வொன்றையும் முதலில் கோப்பையில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரு கூழ் முட்டை முழுக் கலவையையும் பழுதாக்கும். 16 முட்டை, 1.4 லீற்றர் பால், மட்டமாக 2 தேக்கரண்டி உப்பு. நுரை கட்ட அடிக்கவேண்டாம், வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும்வரை கலக்கி வடிதட்டில் வடித்தால் போதும். முதலில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றி, அகப்பையின் பின்புறத்தால் பாணை மெல்ல அமுக்குங்கள். 10 நிமிடம் கழித்து மிச்சத்தை ஊற்றி இன்னும் 20 நிமிடம் விடுங்கள். மேல் கட்டிகள் பாதி வெளியே தெரியவேண்டும், அவைதான் பொன்னிறமாகி மொறுமொறுக்கும். உலர்ந்த பாண்தூளில் இடித்த செத்தல் மிளகாயும் தட்டுக்கு 50 கிராம் மாஜரீனும் பிசறி மேலே தூவுங்கள்.

அதிகாலைப் பாண் சுட்டு முடிந்து, தணலை வாரியெடுத்த விறகுப் போறணையைப்போல் இதற்குத் தோதான அடுப்பு வேறில்லை. பாண் சுடும் சூடு 220 பாகை செல்சியசுக்கு மேல், இந்தத் தட்டுக்கு 170 முதல் 180 போதும். ஆகவே பாண் வெளியே வந்தவுடனே தட்டைத் தள்ளக்கூடாது. சூடுமானி இல்லாவிட்டால் ஒரு தகர மூடியில் கோதுமை மாவைத் தூவி உள்ளே வைத்து 5 நிமிடம் கழித்துப் பாருங்கள். மா பொன்னிறமாக இருந்தால் சரி. கடும் பழுப்பானால் கதவைத் திறந்து வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். வெள்ளையாகவே இருந்தால் சூடு போதாது. பேக்கரிக்காரரிடம் இரண்டு நாளுக்கு முன்பே பேசி, எந்த நேரத்தில் போறணை ஓயும் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப உங்கள் வேலையைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

செங்கல் தரை அடியிலிருந்து கடுமையாகச் சுடும். தட்டுக்குக் கீழே வெறும் பாண் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு தட்டும் நாலு கிலோவுக்கு மேல் இருக்கும், ஊறி முடியுமுன் நீளத் துடுப்பில் வைத்துத் தள்ளினால் பால் சிந்தும். முதல் 30 நிமிடம் இன்னொரு தட்டால் மூடி வைத்து, பிறகு மூடியை எடுத்து மேலும் 20 முதல் 30 நிமிடம். பின்சுவர்ப் பக்கம் சூடு அதிகம், மூடியை எடுக்கும்போதே தட்டுகளை முன்னும் பின்னும் மாற்றிவிடுங்கள். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் பால் ஒட்டாமல் வரவேண்டும். மானி இருந்தால் நடுவில் 72 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும். ஓரம் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஓரம் எப்போதும் கால்மணி முந்தியே வெந்துவிடும்.

பேக்கரி கிட்ட இல்லாத இடத்தில் சிரட்டைக் கரியால் சமாளிக்கலாம். தட்டு கொள்ளும் அகலமான தாச்சியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, 20 நிமிடம் சூடாக்கி, மூன்று கல்லின்மேல் தட்டை வைத்து, தகரத்தால் மூடி, தகரத்தின்மேலும் தணல் போடுங்கள். தணலில் இரண்டு பங்கு மேலே, ஒரு பங்கு கீழே. நாலு தட்டுக்கு நாலு அடுப்பு வேண்டும், ஒருவர் தணலைப் பார்த்துக்கொண்டே நிற்கவும் வேண்டும். இருபது பேருக்குள் என்றால் இந்த வழி நல்லது, அதற்கு மேல் பேக்கரியைத் தேடுவதே புத்தி.

வெளியே எடுத்த தட்டில் ஏதாவது பிழைத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. நடு கூழாக இருந்தால் பாண் காயவில்லை, அல்லது தட்டை விளிம்புவரை நிரப்பிவிட்டீர்கள். மூடி போட்டு இன்னும் 15 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் தேறும். அடியில் தெளிந்த தண்ணீர் நின்று, முட்டை துளைத்துளையாகத் தெரிந்தால் சூடு கூடிவிட்டது. முட்டை அளவுக்கு மேல் இறுகினால் பிடித்த தண்ணீரைக் கக்கிவிடும், அதைத் திருத்த வழியில்லை, வடித்துவிட்டுப் பரிமாறுங்கள். மேல் கட்டிகள் நடுவில் உலர்ந்து நெருடினால் அமுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பொங்கி வந்தது வெளியே எடுத்ததும் இறங்குவது பிழையே அல்ல, ஆவி அடங்குகிறது.

எடுத்தவுடன் வெட்டினால் சரிந்துவிடும். 15 நிமிடம் ஆறவிட்டு, விளிம்பிலிருந்து அளந்து குறி வைத்துக்கொண்டு, நனைத்த கத்தியால் அகலப் பக்கம் 3, நீளப் பக்கம் 4 வரிசையாகப் பிரியுங்கள். கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும் பக்கத்தில் இருந்தால் போதும், வேறு கறி தேவையில்லை.

வேலைத்தலம் தூரமென்றால் வெட்டாமல் தட்டோடு, வாழையிலை போட்டு மூடி, தடித்த சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒரு மணித்தியாலம் சூடு நிற்கும். மிஞ்சியதைப் பத்து மணித் தேத்தண்ணியோடு கொடுத்து முடித்துவிடுங்கள், மத்தியானத்துக்கு என்று எடுத்து வைக்கவேண்டாம்.