சாயங்காலப் பசிக்குச் சுண்டல்

ஐந்து மணிவாக்கில் வரும் பசிக்கு டீயும் பிஸ்கட்டும் எனக்கு நிற்கவே இல்லை. அரை மணி நேரத்தில் வயிறு மறுபடி கேட்கும். கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு மாறிய பிறகுதான் இரவுச் சாப்பாடு வரை தாங்குகிறது. 100 கிராம் காய்ந்த கடலையில் சுமார் 20 கிராம் புரதம், தோலில் நிறைய நார்ச்சத்து. இரண்டும் மெதுவாகச் செரிப்பதால் பசி தள்ளிப்போகிறது.

இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு நன்றாகக் குழைய வேகவைத்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து டப்பாவில் கொண்டுபோவேன். தேங்காய் மட்டும் வேண்டாம். வெயிலில் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். அப்புறம், கடலை ஊறவைக்காத நாளில் ஒரு கொய்யாப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் போதும். வேர்க்கடலையைப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டு கொறிக்காதீர்கள், 100 கிராமிலேயே 550 கலோரிக்கு மேல்.