வேலையை விட்டு மருத்துவம்: அமெரிக்காவில் போஸ்ட்-பேக் ப்ரீமெட் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐடி, வங்கி, ஆசிரியப் பணி என்று வேறொரு வேலையில் சில வருடங்களை ஓட்டிவிட்டு, இப்போது அமெரிக்காவிலேயே எம்.டி. (அங்கே மருத்துவரின் அடிப்படைப் பட்டமே இதுதான்) படிக்க நினைப்பவர்களுக்கான பதிவு இது. எம்கேட் என்றால் என்ன, ரெசிடென்சி எத்தனை வருடம் என்பதையெல்லாம் கூகுளில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டம் முடித்தவர்கள், மருத்துவக் கல்லூரி கேட்கும் அறிவியல் பாடங்களை மட்டும் திரும்ப உட்கார்ந்து படிப்பதுதான் போஸ்ட்-பேக்.

நான் வேலையை விடாமல் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பாடம் பாடமாக எடுத்து முடித்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லக் கூடாது.

படி 1: கல்லூரிப் பட்டியலை மூடிவையுங்கள், உங்கள் டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி மதிப்பெண் பட்டியலை) எடுங்கள்

எல்லோரும் கொலம்பியாவா, பிரின் மாரா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்தியாவில் பி.ஈ. முடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பின்னால் வர வேண்டியது. முதல் கேள்வி: உங்கள் பட்டத்தை மருத்துவக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா?

எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் போகும் வழி ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை. வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. படித்த கல்லூரியின் பெயரைக் குறிப்பிடலாம்; மதிப்பெண் ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) கணக்கில் சேராது. அதற்கு மேல், பல மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்கா அல்லது கனடாவில் வாங்கிய இளநிலைப் பட்டம் வேண்டும் என்கின்றன. சில கல்லூரிகள், பட்டம் இல்லாவிட்டாலும் இங்கே குறிப்பிட்ட அளவு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) முடித்திருந்தால் போதும் என்கின்றன. அந்த அளவு சில இடங்களில் 90 கிரெடிட் வரை போகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், நான்கும் லேபோடு ஒவ்வொரு வருடம்: தலா 8 கிரெடிட், மொத்தம் 32. பயோகெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி, சோஷியாலஜி எல்லாம் சேர்த்தாலும் 45-ஐத் தாண்டுவது கஷ்டம். ஆக, நல்ல பெயருள்ள ஒரு வருட போஸ்ட்-பேக்கைப் பெரும் செலவு செய்து முடித்த பிறகும், 90 கேட்கும் கல்லூரிக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. இங்கே எம்.எஸ். படித்திருந்தால் அதைச் சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது. ஒவ்வொரு கல்லூரியிடமும் தனித்தனியாகக் கேட்பதைத் தவிர வழியில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இரண்டாவது இளநிலைப் பட்டம். உங்கள் பி.ஈ. கிரெடிட்டில் ஒரு பகுதியை டிரான்ஸ்பராக எடுத்துக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். வெளிநாட்டுப் பாடம் இப்படி அமெரிக்க டிரான்ஸ்கிரிப்டில் ஏறினால்தான் அதற்கு இங்கே உயிர்.

விசா விஷயமும் இதே படியில் தீர வேண்டும். நிறைய மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. மற்றவர்களைச் சேர்க்கும் சிலவும், வருடக் கணக்கில் கட்டணப் பணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோவில் (மூன்றாம் தரப்பிடம் முடக்கிவைக்கும் கணக்கில்) போடச் சொல்வதுண்டு. எச்1பி, எச்4-இல் இருந்துகொண்டு ப்ரீமெட் பாடம் படிக்கலாம், அதில் சிக்கல் இல்லை. படித்து முடித்த பிறகு எந்தக் கதவு திறக்கும் என்பதுதான் சிக்கல். இதற்கெல்லாம், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்துக்குச் சந்தா கட்டுங்கள்; ஒவ்வொரு கல்லூரியும் என்ன கேட்கிறது என்பது அதில் இருக்கும். இந்தப் பயணத்தில் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்யலாம் என்று நான் சொல்லும் ஒரே பணம் அது.

படி 2: கெமிஸ்ட்ரி சங்கிலியை வைத்துக் காலண்டர் போடுங்கள்

பிசிக்ஸையும் பயாலஜியையும் எங்கே வேண்டுமானாலும் நுழைக்கலாம். கெமிஸ்ட்ரி அப்படி இல்லை. ஜெனரல் 1, ஜெனரல் 2, ஆர்கானிக் 1, ஆர்கானிக் 2, பயோகெமிஸ்ட்ரி, ஒன்று முடியாமல் அடுத்தது கிடையாது. கோடை விடுமுறையில் படிக்காவிட்டால் ஐந்து செமஸ்டர். பிரின் மார், கௌச்சர் மாதிரி ஒரு வருடத்தில் முடிக்கும் இடங்கள் கோடையிலேயே ஆரம்பிப்பதன் ரகசியம் இதுதான்: ஒரு வருட ஜெனரல் கெமிஸ்ட்ரியைச் சில வாரங்களில் அடைத்துவிட்டு, செப்டம்பரில் ஆர்கானிக்கில் இறக்கிவிடுவார்கள். வேலையோடு சேர்த்து அது நடக்காது.

2026 ஜூனில் ஆரம்பித்து 2027 மே மாதம் முடித்தால், அந்த ஜூனில் ஆம்காஸ் விண்ணப்பம். மருத்துவக் கல்லூரியில் கால் வைப்பது 2028 ஆகஸ்ட். நடுவில் சும்மா போகிற வருடத்துக்கு க்ளைடு இயர் என்று பெயர். அதைத் தாண்டிக் குதிக்க லிங்கேஜ் என்று ஒரு வழி உண்டு. போஸ்ட்-பேக்குடன் ஒப்பந்தம் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கும்போதே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் நேராக 2027-இலேயே சேர்ந்துவிடலாம். ஆனால் கிடைத்த பிறகு வேறு எங்கும் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். லிங்கேஜ் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் நீங்கள் நிஜமாகவே குடியேறத் தயாராக இருக்கும் ஊர் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள்.

படி 3: மூன்று பாதைகள்

முழுநேரம், ஒரு வருடம், சின்ன வகுப்பு: பிரின் மார், கௌச்சர், ஸ்க்ரிப்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். வேலையை விட்டாக வேண்டும். இவை அறிவியல் பாடங்களை இதுவரை தொடாதவர்களுக்காகவே அமைந்தவை. நம் ஊர் பி.ஈ. முதல் வருட இன்ஜினியரிங் பிசிக்ஸ், இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி இங்கே தகராறு பண்ணலாம். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய பல்கலைக்கழகத்தின் நெகிழ்வான படிப்பு: 1955-இல் தொடங்கிய கொலம்பியா, மாலை வகுப்பு நடத்தும் ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் போன்றவை. மாலை வகுப்பு என்றதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு ஓடி, லேப் முடிந்து பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும் வாழ்க்கை அது.

மூன்றாவது, நீங்களே பாடம் பாடமாகக் கட்டுவது. செலவு குறைவு. ஆனால் இதன் தலைவலி பாடத்தில் இல்லை, பதிவில். பட்டத்துக்குச் சேராத மாணவருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கடைசியில்தான் திறக்கும். அதற்குள் ஆர்கானிக் லேப் நிரம்பியிருக்கும். லெக்சரில் இடம் இருக்கும், லேப் 0 என்று காட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் இரண்டுமே போச்சு. ஒரு செமஸ்டர் தவறினால் படி 2-இன் சங்கிலி முழுக்கத் தள்ளும், பல இடங்களில் ஆர்கானிக் 1 மறுபடி வருவது அடுத்த செப்டம்பரில்தான்.

என்ன செய்யலாம்? வெயிட்லிஸ்டில் எல்லா லேப் பிரிவிலும் பெயர் போடுங்கள், வெள்ளி மாலைப் பிரிவையும் விடாமல். லேப் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். முதல் லேபுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கோட்டும் போட்டு நேரில் போய் நில்லுங்கள்: முதல் நாள் வராதவர் இடத்தைப் பல துறைகள் அன்றே எடுத்துவிடும். இதைவிட நிம்மதியான வழி, மேலே சொன்ன இரண்டாவது பட்டத்தில் சேர்வது. பட்ட மாணவருக்குப் பதிவு முன்னதாகத் திறக்கும்.

படி 4: சதவீதத்தைச் சொன்னால், எதில் சதவீதம் என்று கேளுங்கள்

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மருத்துவம் சேர்ந்துவிட்டார்கள்" என்று தகவல் கூட்டத்தில் சொல்வார்கள். ஆரம்பித்தவர்களில் 90-ஆ, முடித்தவர்களில் 90-ஆ, கமிட்டி லெட்டர் (மருத்துவக் கல்லூரிக்குப் போஸ்ட்-பேக் தரும் பரிந்துரைக் கடிதம்) கொடுத்து அனுப்பியவர்களில் 90-ஆ? ஜிபிஏ குறைந்தவர்களுக்குக் கமிட்டி லெட்டர் தராமலே நிறுத்திவிட்டால் சதவீதம் தானாக ஏறும். நான் பேசிய ஒரு ஆலோசகர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் வளாகத்தின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தில் கேட்காதீர்கள், தொலைபேசியில் கேளுங்கள். கூடவே, கமிட்டி லெட்டருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ எவ்வளவு, பாதியில் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும். பதிலை ஒரு கூகுள் ஷீட்டில் போடுங்கள். இதற்கென்று விற்கும் ஆப் எதுவும் வேண்டாம்.

ஜிபிஏ விஷயத்தில் ஒன்று. பி.ஈ. மதிப்பெண் கணக்கில் வராததால் உங்கள் சிலேட்டு சுத்தம். ஆனால் சின்ன சிலேட்டு. 40 கிரெடிட்டில் ஒரே ஒரு 4 கிரெடிட் பாடத்தில் சி வாங்கினால், மற்றதெல்லாம் ஏ-ஆக இருந்தாலும் 3.8. இங்கேயே 120 கிரெடிட் ஏற்கெனவே படித்துவிட்டு இந்த 40-ஐயும் சேர்ப்பவருக்கு அதே சி வெறும் 0.05 மட்டும் குறைக்கும். அதனால் முதல் செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

படி 5: பணம்

பட்டம் தராத ப்ரீமெட் பாடங்களுக்கு ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசின்) கடன் தொடர்ந்து 12 மாதம்தான், அதுவும் குறைந்தது அரைநேரம் படித்தால். இரண்டாவது பட்டமாகச் சேர்ந்தால் இந்த 12 மாத வரம்பு இல்லை. இரண்டுமே குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்றோருக்குத்தான்.

பின்சேர்க்கை: கடன் பற்றி நிறைய பேர் கேட்டதால் இது. 2025 சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் ப்ளஸ் (படிப்பின் முழுச் செலவு வரை தந்த ஃபெடரல் கடன்) இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளின் முழுச் செலவு இதைத் தாண்டும். ஆகவே போஸ்ட்-பேக்கிலேயே சேமிப்பைக் கரைப்பது முன்பைவிட ஆபத்து. மலிவான பாதையை நான் வற்புறுத்த இதுவும் காரணம்.

இன்னொன்று: கால்குலஸ் பிசிக்ஸா, அல்ஜீப்ரா பிசிக்ஸா என்று பொறியாளர்கள் கேட்கிறார்கள். அல்ஜீப்ராவே பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். கால்குலஸ் தெரியும் என்பதற்காகக் கடினமான வகுப்பில் உட்கார்ந்து பி வாங்க வேண்டாம். உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகள் என்ன கேட்கின்றன என்று எம்எஸ்ஏஆரில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.