கொசுவலைப் பையில் 10 கிராம் இலை: மண்ணில் சத்து சுற்றுவதைப் பார்ப்பது எப்படி?

இலை உதிரும், மட்கும், மறுபடி வேருக்கே போகும் என்று பள்ளியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த வட்டம் உங்கள் தோட்டத்தில் நிஜமாகவே சுற்றுகிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். பழைய நைலான் கொசுவலை, நகை நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு, மூன்று மாதப் பொறுமை, அவ்வளவுதான். நாங்கள் நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட் போடுகிற குடும்பம், அதனால் உதாரணமெல்லாம் கேரட்டாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலை. கேரட் தழை ஒன்று, கற்பூர மரத்து இலை (யூக்கலிப்டஸ்தான்) ஒன்று. இரண்டையும் நிழலில், எடை இனிக் குறையாது என்கிற வரை உலர்த்துங்கள். ஈரத்தோடு நிறுத்துவிட்டால், பின்னால் காணாமல் போனது இலையா தண்ணீரா என்று தெரியாது.

அடுத்து பை. பைக்கு 10 கிராம், வகைக்கு நான்கு பை, நைலான் நூலால் தையுங்கள். பருத்தித் துணி கூடவே கூடாது. முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன், தோண்டிப் பார்த்தால் இலையோடு சேர்ந்து பையும் மட்கிப் போயிருந்தது!

ஜூனில் மழை பிடித்ததும், வகைக்கு இரண்டு பை கேரட் வயலோரம், இரண்டு பை உழாத மரத்தடி என்று 8 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். சோலைக்குள் போய்த் தோண்டாதீர்கள், அது வனத்துறை இடம். மேலே கனமான கல் வையுங்கள், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி உங்களுக்கு முன்னால் ஆராய்ச்சியை முடித்துவிடும். உறைபனி மாதங்களில் தொடங்க வேண்டாம், குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

90 நாள் கழித்து இடத்துக்கு வகைக்கு ஒரு பை எடுத்து, மண்ணை மெல்ல அலசி, மறுபடி உலர்த்தி நிறுங்கள். 3 கிராம் மிச்சம் என்றால் 7 கிராம் எங்கே? பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மூச்சு விட்டுவிட்டன. இலையிலிருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறி வேருக்குக் கிடைக்கிறது. கற்பூர இலைப் பையில் மிச்சம் கூடுதலாக இருக்கும். எண்ணெயும் துவர்ப்புப் பொருளும் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கிற தழைச்சத்தையே கடன் வாங்கும். பச்சையாகப் பாத்தியில் புதைத்தால் பயிர் மஞ்சளாவது இதனால்தான்.

சரி, இரண்டு இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இலை மட்குகிறது. ஆனால் மரத்தடியில் வேர் எடுத்தது பெரும்பாலும் இலையாக அங்கேயே விழுகிறது. எங்கள் வயலில் வேர் எடுத்தது கேரட்டாகி, லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. அதனால் அதே மலைப்பாதையில் உர மூட்டை மேலே வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோ சொச்சம்தான். அதிலும் நைட்ரேட்டான பங்கை மண் பிடித்து வைக்காது, பெருமழை பெய்தால் ஓடை வழியாகப் பவானிக்குக் கிளம்பிவிடும்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேறு ரகம். அதற்குக் காற்றுவழிப் பயணம் கிடையாது, எங்கள் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். போட்டது முழுக்கப் பயிருக்குக் கிடைக்காது, ஆனால் சரிவில் மண் கரையும்போது மண்ணோடு சேர்ந்து போகும். அந்த மண்ணும் ஊர்ச் சாக்கடையும் ஏரியில் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம், ஊட்டி ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மீதிப் பைகளை டிசம்பர் வரை விட்டுவைத்து, அதேபோல் எடுத்து நிறுத்துப் பாருங்கள். புதைக்கும் முன்பே தேதியைப் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள், பேனா மை மழைக்கு நிற்காது.